திரைக்கு அந்தப் பக்கம் நூற்றெட்டு

இன்று முட்டி நூற்றுப்பத்து டிகிரி மடங்காவிட்டால், டாக்டர் மயக்கமருந்து கொடுத்துத் தானே பிடித்து மடக்கிவிடுவாராம்.

மாற்று முட்டி வைத்து ஆறு வாரம். அந்தப் பயம் ஒரு பக்கம்.

அதைவிடப் பெரிய எரிச்சல் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் சம்பந்தி. மகளுடைய மாமியார்.

கல்யாண போட்டோவில் என்னை ஓரத்துக்குத் தள்ளிய மகராசி. எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுக்கும் அதே வாரத்தில் முட்டி மாற்றினார்கள். அதே டாக்டர், அதே பிசியோதெரபி அறை. என் தலையெழுத்து!

நாலாவது வாரம் என் முட்டி எண்பத்தெட்டில் நின்றுவிட்டது. வலி தாங்காமல், "போதும், விட்டுடுங்க" என்று ஓவென்று அழுதேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவங்களால எல்லாம் முடியாதும்மா. எனக்கு அளந்து பாருங்க."

கண்ணீர் நின்றுவிட்டது. முடியாதா? எனக்கா?

பிசியோ பெண் அங்கே போய் அளந்து, உரக்கச் சொன்னாள். தொண்ணூறு.

அன்று பிடித்தது சனி. என் தொண்ணூற்றைந்துக்கு அங்கே தொண்ணூற்றேழு. நான் நூறு என்றால் அங்கே நூற்றிரண்டு. தினமும் என்னைவிட இரண்டு கூட! எரியாதா? வீட்டில் சோற்றைக்கூட மறந்து மடக்கிக்கொண்டே கிடந்தேன்.

இன்று முதல் தடவையாக அவளுக்கு முதலில் அளந்தார்கள். நூற்றெட்டு.

அட, அதைவிட இரண்டே இரண்டு டிகிரி கூட மடக்கினால் போதும்!

பிசியோ பெண் தழும்பு ஓரமாக ஜில்லென்று ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை வட்டம் வட்டமாக ஓட்டினாள். இறுகிப்போன சதை மெல்ல இளகியது. மிஷின் 'பீப்' என்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன். நூற்றைந்து. நூற்றெட்டு. பிசியோ பெண்ணே மூச்சு விடவில்லை.

நூற்றுப்பத்து!

"ஜெயிச்சுட்டேன்!" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் படபடவென்று கைதட்டல்.

தோற்றவள் எதற்குக் கைதட்டுகிறாள்?

எட்டித் திரையை இழுத்தேன்.

கட்டிலில் விரிப்பு கசங்கவே இல்லை. ஜெல் துடைக்கிற துண்டும் இல்லை. யோசித்துப் பார்த்தால், இரண்டு வாரமாக அங்கே மிஷின் ஒருமுறைகூட 'பீப்' என்று கத்தியதில்லை. சம்பந்தி சின்ன ஸ்டூலில், இரண்டு முட்டியையும் நன்றாக மடக்கி, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

தலைக்கு மேலே சுவரில் அவள் பெயர் எழுதிய அட்டை. 'நூற்றிருபது. சிகிச்சை முடிந்தது.'

கீழே, நான் அழுத நாளின் தேதி.

படியேற இன்னும் ஐந்து டிகிரி வேண்டும்.

"நாளைக்கும் வருவீங்கல்ல, சம்பந்திம்மா?" என்றேன்.