எட்டாவது சுற்று

தலையணையை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

காலை ஐந்தே முக்கால். அவள் ஓடப் போகிற நேரம்.

அவள் கணவர் ஹாலில் மல்லாந்து கிடந்தார். காபி போடும்போது காஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரைக் குனிந்து தூக்கியவர் அப்படியே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். இடுப்பிலிருந்து பாதம் வரை சுண்டி இழுக்கிறது என்றார். இடது கால் தன்னுடையதே இல்லை என்றார்.

அவளுக்கு அந்த நரம்பைத் தெரியும். ஏழு வருஷப் பழக்கம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கொழுந்தனார் மகளின் காதுகுத்து. பரிமாறக் குனிய முடியாமல் சாம்பார் வாளியோடு அவள் நின்றுவிட்டாள். வேலை என்று வந்தால்தான் இவளுக்குக் கால் வலிக்கும் என்று இவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பந்தியே சிரித்தது.

இடுப்பு நரம்பு வலிக்கு சாயட்டிகா என்று டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, பெயர் நன்றாக இருக்கிறதே என்றார் இவர்.

அவளை நம்பியது பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்திதான். குப்புறப் படுக்கச் சொன்னாள். வயிற்றுக்குக் கீழே தலையணை. பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னாள். சில வாரம் கழித்து நடை. அப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை.

கால்வலிக்காரி ஒலிம்பிக்குக் கிளம்பிவிட்டாள் என்று இவர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். நாற்பத்தொன்பது வயதில் அவள் பள்ளிக்கூட மைதானத்தை நான்கு சுற்று நிற்காமல் ஓடுகிறாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஏழு வருஷமாக அவள் சாமியிடம் வேறு வரம் கேட்கவில்லை. இவருக்கு ஒரு நாள் வந்தால் போதும்.

வந்துவிட்டது.

அவர் நெற்றி வியர்த்திருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அப்படி இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. புரட்டிப் படுக்கவைத்துத் தலையணையைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் ஆசுவாசமாக மூச்சு விடுவார். போனால் போகிறது என்று தோளைப் பிடித்தாள்.

"மெதுவா புடி. உனக்கு வந்தாப்பல இல்ல இது. எனக்கு நெசமாலுமே வலிக்குது."

அவள் கை தோளிலேயே இருந்தது.

வந்தும் தெரியவில்லை.

தலையணையை அவர் தலைக்குக் கீழே வைத்தாள். தண்ணீர்ச் சொம்பையும் அவருடைய செல்போனையும் கை எட்டும் தூரத்தில் வைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டார்.

"ஓடப் போறனுங்க."

நான்காவது சுற்று முடிந்தபோது இடுப்புப் பையில் போன் அடித்தது. ஐந்தாவதிலும் அடித்தது. அந்தச் சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். பிசியோதெரபிப் பெண் கண்டித்துச் சொன்னது அது ஒன்றைத்தான். இதுவரை அவள் மீறியதில்லை.

ஏழாவது சுற்றில் இறங்கியது. கெண்டைக்கால், கணுக்கால், சுண்டுவிரல்.

நிறுத்தினால் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவள் எட்டாவது சுற்றைத் தொடங்கினாள்.