பாதித் தலை

பால் வாங்க நின்ற ரைஸ்மில் முதலாளியின் பின்கழுத்தைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது.

முடி வெட்டியிருக்கிறார்.

ஊரடங்கு. ஊரில் சலூன் எதுவும் திறக்கவில்லை. அவன் சலூனும் பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் கழுத்து பொய் சொல்லாது. கோடு இடப்பக்கம் சற்று ஏறியிருந்தது. இடக்கைக்காரன் வெட்டு.

பக்கத்து வீட்டுக் கொம்பையா.

பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறான் என்று கேள்விப்பட்டது நிஜம்தான். அதற்காக இவன் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்த தலையிலுமா கை வைப்பான்?

மறுநாள் கொம்பையா வீட்டிலிருந்து கறிக்குழம்பு வாசம் வந்தது. இவன் வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சி. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். சாத்திய பிறகும் வந்தது.

இவனும் போயிருப்பான்.

மனைவி மாரிச்செல்விக்கு எட்டாம் மாதம். மூச்சிழுப்பு வேறு. அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து வாக்கு வாங்கியிருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை யார் தலையையும் தொடக்கூடாது.

தொடவில்லை.

கொம்பையாவுக்கு நோய் வந்து தொலையட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டான். நினைத்ததும் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் முதலாளியே போன் செய்தார்.

“கொம்பையா பாதியில போட்டுட்டுப் போயிட்டாம்ப்பா. ஒரே இருமல். நிக்க முடியல அவனால. நீ வந்து முடிச்சிட்டு ஒரு மூட்டை அரிசி எடுத்துட்டுப் போ.”

கத்தரிக்கோலை இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்துவிட்டான். பால் வாங்கப் போவதாகச் சொன்னான். மாரிச்செல்வி வாசல்வரை வந்து, அவன் மாஸ்க்கின் நாடாவைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துவிட்டாள்.

மில்லின் பின்கட்டில் முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாஸ்க் இல்லை. தலையில் ஒரு பக்கம் வெட்டியிருந்தது. மறுபக்கம் காதை மூடிக் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் கொம்பையா மறந்துவிட்டுப் போன சீப்பும் துணியும். கதவோரம் மூட்டை.

முதலாளி இருமினார்.

“தவிட்டுத் தூசி,” என்றார்.

மில் ஓடி மாதக்கணக்காகிறது.

அவன் ஓரடி பின்னால் வந்தான். மூட்டையைப் பார்த்தான். அப்புறம் வெட்டிய பாதியைப் பார்த்தான்.

நன்றாகத்தான் வெட்டியிருந்தான், பாவி. காதோரம் அவ்வளவு சுத்தம்.

இதைவிட நன்றாக வெட்ட வேண்டும்.

மாரிச்செல்வியிடம், அரிசிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம்.

துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினான்.