குருவி மணி

அழுத்தினால் குருவிபோலக் கூவும் அழைப்பு மணி அது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது கூவியதும், நுரையீரல் கெட்டிருந்த அருளானந்தம் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றித் தலையணைக்கடியில் ஒளித்துவிடுவார். வந்தவரிடம், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்.

“நீ பாடினா அவருக்கு மூச்சு முட்டுதுடி. நேத்து உதடே நீலமாயிடுச்சு,” என்றது குழாய்.

“பாடலைன்னா என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்களே,” என்றது மணி.

மறுநாள் நண்பர் கோதண்டம் வந்து அழுத்தினார். மணி வாயைத் திறக்கவில்லை. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அருளானந்தத்தின் கை அவசரமாக மூக்குக்குப் போனது.

“இருக்கட்டும்டா,” என்ற கோதண்டம், தன் சட்டைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து மேசைமேல் வைத்தார். இருவரும் இருட்டும்வரை பேசினார்கள்.

பழுதாகிவிட்டதென்று மணியைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள்.