நசுங்காத எலுமிச்சை

மாலை வகுப்பில் மெக்கானிக் வேலை படிக்கும் கோகிலவாணிக்கு அதுதான் முதல் வேலை. சென்னியப்பனின் பழைய அமெரிக்கக் காருக்கு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்ட வேண்டும். மறுநாள் அவர் மகள் அதில்தான் கல்யாண மண்டபத்துக்குப் போகிறாள்.

திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். கையிலிருந்த இரண்டில் சின்னதே போதும் என்று வந்தது. பெரியதன் அகன்ற வாயில் காற்று மெதுவாக நுழையும். மெதுவான காற்று பெட்ரோலை இழுக்காது.

“ஏனுங்க அம்மிணி, யானைக்குப் போய் ஆட்டு வாயை வெக்கறீங்களே!” என்று சிரித்தார் சென்னியப்பன்.

உடனே அவளுக்குத் தன் கணக்கின்மீதுதான் சந்தேகம் வந்தது. பெரியதையே மாட்டினாள்.

முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். தெரு அதிர உறுமிய என்ஜின், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் இருமி அணைந்தது. மறுபடி மிதித்தபோதும் அதேதான்.

“போச்சுங்க, சகுனமே செரியில்ல” என்று இறங்கியவர் பழத்தை எடுக்கக் குனிந்தார்.

டயர் தொட்டும் நசுங்காமல் அது முழுதாக இருந்தது. கோகிலவாணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுக்காதீங்க, அங்கயே இருக்கட்டும்” என்றாள். பிறகு பையைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த சின்ன கார்புரேட்டரை வெளியே எடுத்தாள்.