இடது கை

போரில் தங்கள் பெண்களையெல்லாம் பறிகொடுத்த பென்யமீன் கோத்திரத்து ஆண்களிடம், சீலோ ஊர்த் திருவிழாவில் ஆட வரும் பெண்களில் ஆளுக்கொருத்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மற்றக் கோத்திரத்துப் பெரியவர்களே சொன்னார்கள். அகீராமும் திராட்சைத் தோட்டத்தில் பதுங்கினான். அந்தக் கோத்திரத்தில் பலரைப் போல அவனும் இடது கைக்காரன். அந்தக் கையால்தான் ஆட வந்த திர்சாளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்து வந்தான். அதற்குப் பிறகு அவள் ஆடி யாரும் பார்த்ததில்லை.

இப்போது அவர்கள் மகள் நோவாள் புது உடுப்போடு வந்து நின்றாள்.

"அப்பா, சீலோவுக்கு ஆடப் போறேன்."

"வேண்டாம்."

"ஏன்ப்பா, அங்க என்ன பயம்?"

அகீராம் குனிந்து, கட்டியிருந்த செருப்பு வாரையே அவிழ்த்து மறுபடி கட்டினான். மாவு பிசைந்துகொண்டிருந்த திர்சாள் நிமிராமல் சொன்னாள்:

"நீங்களும் கூடப் போங்க. எந்தக் கொடிக்குப் பின்னால ஆள் ஒளிஞ்சிருக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும்."

நோவாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "வாங்கப்பா" என்று சிரித்தபடி கையை நீட்டினாள். தானாக எழும்பிய இடது கையை அகீராம் அங்கிக்குள் ஒளித்துக்கொண்டான். வலது கையால் மகளைப் பிடித்து அவனுக்குப் பழக்கமில்லை.