மண் தின்ற பனியன்

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினாள்.

பனியனைக் காணோம்.

குச்சி நட்ட இடம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளே புதைத்தது. புத்தம் புதிய வெள்ளைப் பனியன், சுத்தமான பருத்தி.

துணிக் கம்பெனியிலிருந்து வந்த பெண் குழியருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தை பிறந்தால் இதே சோதனைதான். மண்ணில் உயிர் இருந்தால் பருத்தியைத் தின்றுவிடும். மருந்தடித்துச் செத்த மண் என்றால் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

புருஷன் சாகும்போது விட்டுப்போன மூன்று ஏக்கர் கரிசல்காடு. உரம் வேண்டாம், களைக்கொல்லி வேண்டாம், ஆட்டுக்கிடை போடுங்கள், காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை எரிக்காமல் மண்ணுக்கே கொடுங்கள், விளைச்சல் குறைந்தால் நாங்கள் தாங்குகிறோம் என்றது கம்பெனி. மூன்று வருஷம் தாங்கியும் விட்டது.

இன்றைக்குக் கடைசிச் சோதனை. தேறினால் ஊரில் இன்னும் பத்துக் காடுகளுக்குப் பணம் வரும். தேறாவிட்டால் இவளுக்கும் கிடையாது. அப்படி ஆனால் காட்டைக் கொழுந்தன் குருவையாவுக்கே குத்தகைக்கு விட்டுவிடுகிறேன் என்று, ரோஷத்தில், ஊர் முன்னால் சொல்லியும் தொலைத்திருந்தாள்.

அந்தக் குருவையா வரப்பில் நின்றான்.

உடம்பில் முதல் வருஷத்துப் பனியன்.

அந்தக் கூத்தை ஏன் கேட்கிறீர்கள். முதல் வருஷம் தோண்டியபோது ஒரு பொத்தல்கூட இல்லாமல் முழுசாக வந்தது. இவன் அதைத் துவைத்து மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். மதினி காட்டு மண்ணு விரதம் இருக்கு என்று ஊரெல்லாம் சிரிப்பு. போன வருஷம் தோண்டியதில் நாலு பொத்தல் விழுந்திருந்தது. கரப்பான் கடித்திருக்கும் என்றுவிட்டான்.

தின்றிருந்தாலும் ஒரு கந்தலாவது மிஞ்ச வேண்டாமா? இடம் மாறிவிட்டதோ?

“நாய் தூக்கிட்டுப் போயிருக்கும், மதினி.”

அவள் இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். முன்பெல்லாம் கட்டி கட்டியாய் வரும். இது பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்ததில் ஒரு மண்புழு நெளிந்தது.

விரலில் ஒரு நூல் தட்டுப்பட்டது.

இழுத்தாள். நீளமாக வந்தது. கையின் வளைவு, கழுத்தின் வளைவு, தையல் போன வழியெல்லாம் நூல் மட்டும். அதன் நுனியில், பிடரியில் தைக்கிற கம்பெனி லேபிள்.

இரண்டும் நைலான். மண்ணுக்கு அந்த ருசி ஆகாது.

நடுவில் இருந்த பனியன் இல்லை.

கம்பெனிப் பெண் எழுந்து, படம் எடுக்க மறந்து, கைதட்டிக்கொண்டிருந்தாள்.

தோண்டியவள் லேபிளைத் தூக்கிப் பிடித்தாள். மூன்று வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்த குலவை கிளம்பியது. யாருக்காகவும் இல்லை. அவளுக்காக, அவள் மண்ணுக்காக. ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர்களும் குலவை போட்டார்கள்.

குருவையா சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் குழியையே பார்த்தான். பிறகு பனியனைத் தலைவழியே கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான்.

வந்தான். கேட்காமலே அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். வரப்பைத் தாண்டித் தன் காட்டுக்குள் இறங்கினான்.

அவள் லேபிளை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் அந்தப் பக்கம் திரும்பினாள்.

“ஒரு சாண் ஆழம் போதும், கொழுந்தனாரே!”