நுரைக்காத திராவகம்

“சம்பந்தம் பேசியாச்சுங்கிறதுக்காக கண்ண மூடிக்கிட்டு நம்பிர முடியுமா?” பசறை நகைக்கடையில் நின்று ரெங்கம்மா சத்தமாகக் கேட்டாள். “பொண்ணு போட்டு வர்ற சங்கிலியையும் பாப்போம். எங்க மகன் கட்டப்போற தாலியையும் பாப்போம். நானா, ரெண்டுலயும் திராவகத்த விடுங்க!”

பெண்ணின் அம்மா லெட்சுமி நகைப் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

அசல் சங்கிலி புருஷனின் வைத்தியத்தோடு போயிற்று. பிறகு புருஷனும் போய்விட்டார். இப்போது பெட்டியில் இருப்பது முலாம் பூசிய பித்தளை.

மகள் யசோதினிக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நகைப் பேச்சில் தட்டிப்போனது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும், வரும், சுவரைப் பார்த்துப் படுக்கும். இதுவும் நின்றால் அவளை உயிரோடு பார்க்க முடியுமா?

“என்ன சம்பந்தி, யோசிக்கிறீங்க? எங்கள நம்பலயா, இல்ல உங்களயே நம்பலயா?”

“அதெல்லாம் இல்லைங்க.” லெட்சுமி பெட்டியை நீட்டினாள்.

ஊரே ‘நானா’ என்று கூப்பிடும் கடைக்காரர் ஷுக்ரி, சங்கிலியின் கொக்கியில் அரத்தால் ஒரு கீறல் போட்டார்.

போன மாதம் இதே மேசையில், யாரோ ஒருத்தியின் போலி வளையலில் சொட்டு விழுந்ததும் பச்சையாகப் பொங்கி நுரைத்ததை லெட்சுமி பார்த்திருந்தாள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியேறியதையும் பார்த்திருந்தாள்.

சொட்டு விழுந்தது. லெட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது நுரை இல்லை. பச்சை இல்லை. ஷுக்ரி சட்டென்று துணியால் துடைத்துவிட்டு, “தங்கந்தான்” என்றார்.

“அப்புறம் ஏன் சம்பந்தி பேயறஞ்ச மாதிரி நின்னீங்க?” ரெங்கம்மா சிரித்தபடி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தாலியை வைத்தாள்.

அதிலும் ஒரு கீறல், ஒரு சொட்டு, சட்டென்று ஒரு துடைப்பு.

“இதுவும் தங்கந்தான்.”

“நல்லா பாத்துக்கிட்டீங்கல்ல? நாளைக்கு உங்க ஆளுக யாரும் வாய் தொறக்கக் கூடாது. எங்க குடும்பத்துல கள்ளப் பேச்சே கெடையாது!” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் இடம் பிடிக்க ரெங்கம்மா முன்னால் போனாள்.

லெட்சுமி மேசையருகிலேயே நின்றுகொண்டாள்.

“நானா, என் சங்கிலி... உங்களுக்குத் தெரியும்தானே?”

“கீறினதுமே தெரிஞ்சிச்சு, தங்கச்சி.”

“அப்ப ஏன் நுரைக்கல?”

“கடும் திராவகம்னா பித்தளையில பட்ட ஒடனே பொங்கும். தண்ணி நெறையக் கலந்தா மெல்ல மெல்லத்தான் புடிக்கும். அதுக்குள்ள தொடச்சிட்டா ஒண்டும் வெளங்காது. காலையிலேயே கலந்து வச்சிட்டேன்.”

லெட்சுமி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். “எம் பிள்ளையக் காப்பாத்திட்டீங்க, நானா. அவளுக்கு இனிமே ஒரு கொறையும் வராது.”

ஷுக்ரி அவள் முகத்தைப் பார்க்காமல் போத்தலை மூடினார்.

“என்னயக் கும்பிடாதீங்க. ஒங்கட சங்கிலிக்காக நான் கலக்கல்ல. நேத்து ஒங்கட சம்பந்தி வந்து இதே எடத்துல நிண்டு அழுதாங்க. அந்தத் தாலியும் பித்தளைதான்.”